ஒப்புகை அட்டை

ஹைதராபாத்
20.6.1999

கர்த்தருக்குள் பிரியமான விக்டோரியா அக்காவுக்கு,

தங்கை பெர்சி எழுதுவது. நான் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அத்தானுக்கு ஆனையூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதா, ஜெனிட்டா பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடுகிறாளா என்று ஒவ்வொன்றாக எழுது. போனில் கேட்கலாம்தான். மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசினால் எனக்குப் பாதி மறந்துவிடுகிறது.

கம்பெனியில் எனக்கென்று ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். மதுரையில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு மேஜைக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டோம். இங்கே மூன்று மேஜைக்கு நான் ஒருத்தி. கதவில் பெயர்ப் பலகை உண்டு. முதல் நாள் அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

முதலாளிக்கு நம் தாளைச் செய்து காட்டினேன். தர்பூசணி விதைச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த மஞ்சள் தாளை யூரியா கலந்த பாலில் முக்கியதும் நீலமானது. பாலில் தண்ணீர் ஊற்றி, அது தெரியாமலிருக்க உரத்தைக் கலக்கிறவர்களை ஒரு துண்டுத் தாள் பிடித்துக் கொடுக்கிறதே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பல்கலைக்கழகமும் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. இனி முதலில் பேட்டண்ட் பதிவு, அப்புறம் விற்பனை.

ஓர் உதவி. நீ தாள்களை ஒட்டி வைத்த அந்த ரெக்கார்டு நோட்டை அனுப்பி வை. வக்கீல் பார்க்க வேண்டுமாம். எல்லாருக்கும் என் அன்பு. ஜெபத்தில் நினைத்துக்கொள்.

பெர்சி


ஆனையூர், மதுரை
4.7.1999

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவர் கிருபையில் எல்லாரும் நலம். அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். பெயர்ப் பலகை வரும் இடத்தில் மட்டும் நான்கு தடவை.

நோட்டை அனுப்பிவிட்டேன். பத்திரமாக வைத்திரு, அது கல்லூரிச் சொத்து. போன வாரம் பேப்பரில் உன் படம் வந்தது. 'மதுரைப் பெண்ணின் கண்டுபிடிப்பு.' ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் ஏழு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒங்க தங்கச்சி பெரிய ஆளாயிருச்சே மிஸ், நீங்களும் கெமிஸ்ட்ரிதான?" என்று ஒரு அம்மாள் கேட்டது. ஆமாம், நானும் கெமிஸ்ட்ரிதான் என்றேன். பதினாறு வருஷமாக டெமான்ஸ்ட்ரேட்டர், பிப்பெட் கழுவுகிறேன் என்று சொல்லவில்லை.

செய்தியில் என்னைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இதை நான் கவனிக்கவில்லை, ஜெனிட்டாதான் சொன்னாள்.

போன வருஷக் கோடை விடுமுறை உனக்கு நினைவிருக்கும். உன் தாள்கள் பத்து நாள் வெயிலில் செத்துப்போகின்றன என்று அழுதாய். எங்கள் ஆய்வகத்தில் பசை தீர்ந்துபோனதால், நாட்டு மருந்துக் கடையில் கருவேலம்பிசின் வாங்கி ஊறவைத்து, சில தாள்களை நோட்டில் ஒட்டினேன். ஜூனில் அலமாரியைத் திறந்தால் மற்றவையெல்லாம் செத்துக் கிடந்தன. பிசின் பட்டவை மட்டும் பாலில் பளிச்சென்று நீலமாயின. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிவந்து உன் ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். பேப்பர்காரனிடம் இதைச் சொல்ல உனக்கு நேரம் இருந்திருக்காது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

விக்டோரியா


ஹைதராபாத்
25.7.1999

பாசமுள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உங்கள் சுகத்தை உன் கடிதத்தில் தேடினேன், கோபம்தான் கிடைத்தது. பேப்பர்காரர் என்னோடு ஐந்து நிமிஷம் பேசினார், மீதியை அவரே எழுதிக்கொண்டார். படத்தில் கூட என் மூக்கு என்னுடையது இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ரிஜிஸ்டர் கவர் வரும். உள்ளே இருக்கும் தாள்களைப் படித்துவிட்டு, பென்சிலால் புள்ளி வைத்த மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே திருப்பி அனுப்பு. அது வந்தால்தான் பதிவு செய்ய முடியும். அதுவரை பிசின் விஷயத்தை யாரிடமும் மூச்சு விடாதே. காரணத்தை நேரில் சொல்கிறேன். இங்கே தாள் வெட்டுகிற மெஷின் வந்து இறங்குகிறது, ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள்.

அம்மாவுக்கு முத்தம்.

பெர்சி


ஆனையூர்
15.8.1999

அன்புள்ள பெர்சிக்கு,

நாங்கள் நலம், நீ நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். மழை ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அத்தானுக்கு இருமல். ஜெனிட்டா கணக்கில் அறுபது, அதற்கு மேல் கேட்காதே.

கவர் என்று எழுதியிருந்தாய். ஆனையூருக்குத் தபால்காரர் மாறியிருக்கிறார், பாதி தபால் அடுத்த தெருவுக்குப் போகிறது.

எங்கள் கல்லூரிக்கு ஐம்பது வயதாகிறது. செப்டம்பரில் விழா, மலர் போடுகிறார்கள். மலர்க் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். தமிழ்த் துறையில் எல்லாரும் கவிதை கொடுத்துவிட்டார்கள், அறிவியல் பக்கம் காலியாக இருக்கிறது, நீங்கள் ஏதாவது எழுதுங்கள் என்று பிரின்சிபால் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்று நீ கேட்கப்போவதில்லை, உனக்கு மெஷின் வந்து இறங்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

விக்டோரியா


ஹைதராபாத்
5.9.1999

அன்பு அக்காவுக்கு,

சுகம். அத்தானின் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா?

ரிஜிஸ்டர் தபாலின் ஒப்புகை அட்டை எனக்குத் திரும்பி வந்துவிட்டது. அதில் 'எம். விக்டோரியா, 6.8.99' என்று உன் கையெழுத்து இருக்கிறது. அந்த வி-யின் சுழியை உலகத்தில் வேறு யாரும் போட முடியாது. தபால்காரர் நல்ல மனுஷர்தான் அக்கா.

ஏன் இன்னும் அனுப்பவில்லை? வக்கீல் தினமும் கேட்கிறார். நீ படித்தாயா இல்லையா என்று மட்டுமாவது எழுது.

பெர்சி


ஆனையூர்
20.9.1999

பெர்சி,

எல்லாரும் சுகம்தான். அம்மா உனக்குப் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள், தனியாக வரும்.

கவர் வந்தது. என்னிடம்தான் இருக்கிறது. பிரிக்கவில்லை. உன் கம்பெனிப் பெயரும் அதற்குக் கீழே உன் பெயரும் அச்சடித்த கவரைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாதா எனக்கு?

கல்லுப்பட்டி மாமா வந்த நாளில் உனக்கு நான்கு வயது, எனக்குப் பதினான்கு. அல்வாவும் ஒரு வாயல் சேலையும் கொண்டுவந்தார். "ஒரு கையெழுத்துத்தான்க்கா, சும்மா ஒரு இதுக்கு" என்றார். அம்மா படிக்காமலே மூன்று இடத்தில் போட்டாள். பென்சிலால் புள்ளி வைத்துத்தான் கொடுத்தார். அவர் போன பிறகு நகலை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். விடுதலைப் பத்திரம். இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று அம்மாவே சொல்வதாக இருந்தது. அக்கா தங்கைகளிடம் கையெழுத்துக் கேட்டு வருகிற காகிதம் எல்லாம் அதுதான். பிசினுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது.

எனக்குப் பொறாமைதான். நீ எழுதாமல் விட்டாலும் நினைத்திருப்பாய், அதனால் நானே சொல்கிறேன். நீ பி.எச்டி. சேர்ந்த அன்றிலிருந்து பொறாமை. அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் எனக்கும் இடம் கிடைத்திருந்தது. நான் போகவில்லை, நீ போனாய். உன் கதவில் பெயர்ப் பலகை என்று படித்த இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினெட்டாம் தேதி கல்லூரி விழா நடந்தது. மலரை வெளியிட்டார்கள். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

விக்டோரியா


ஹைதராபாத்
10.11.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மா அனுப்பிய பார்சல் போன மாதமே வந்தது. முறுக்கு ஒன்று கூட நொறுங்கவில்லை, அவ்வளவு நன்றாகச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வக்கீல் ஒரு கேள்வி கேட்கிறார். தாளைப் பற்றி, முக்கியமாகப் பிசின் பற்றி, பதிவு செய்வதற்கு முன்னால் எங்கேயாவது அச்சில் வந்திருக்கிறதா? சின்னப் புத்தகமாக இருந்தாலும் சரி, ஒரே ஒரு ஊரில் வந்திருந்தாலும் சரி, வந்திருந்தால் பேட்டண்ட் கிடையாது. எழுதியது நாமே என்றாலும் கிடையாது. யாரிடமும் சொல்லாதே என்று ஜூலையில் எழுதியது இதற்காகத்தான். அன்றைக்கே காரணத்தையும் எழுதியிருக்க வேண்டும், அவசரத்தில் விட்டது என் தப்பு.

உண்டு அல்லது இல்லை என்று ஒரு வரி எழுது. நீ எழுதுவதை நம்புவேன்.

பெர்சி


ஆனையூர்
28.11.1999

அன்புத் தங்கைக்கு,

கர்த்தர் காத்து வருகிறார். இங்கே நல்ல மழை. வைகையில் தண்ணீர் போகிறது, அத்தான் ஜெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருமல் நின்றுவிட்டது. அம்மா மாடிப்படி ஏற ஆரம்பித்திருக்கிறாள், இறங்கும்போதுதான் கூப்பாடு. கிறிஸ்துமஸுக்கு நீ வருவாயா என்று கேட்கச் சொன்னாள். ரவையும் முந்திரியும் வாங்கியாகிவிட்டது.

நீ கேட்டது பற்றி. எனக்குத் தெரிந்து அப்படி ஒன்றும் இல்லை.

பனி தொடங்கிவிட்டது, தலையில் துணி கட்டிக்கொண்டு வெளியே போ.

விக்டோரியா


ஹைதராபாத்
18.12.1999

அக்கா, அத்தான், அம்மா, ஜெனிட்டா அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள். இந்த வருஷம் வர முடியவில்லை.

உன் பதில் கிடைத்தது.

பெர்சி


ஆனையூர்
8.1.2000

என் பெர்சிக்கு,

எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் சுகமாக இல்லை.

கிறிஸ்துமஸ் கேக் தட்டை எடுக்கப் பீரோவின் மேல் அடுக்கில் கைவிட்டேன். கவர் என் மேல் விழுந்தது. நான்கு மாதமாக அந்தத் தட்டுக்கு அடியில்தான் வைத்திருந்தேன். முட்டை அடித்துக்கொண்டிருந்த அம்மா, "அது என்னடி, பெர்சி கவரு மாதிரி இருக்கு, பிரிக்காமயா வச்சிருக்க?" என்றாள். அவள் எதிரில் பிரித்தேன்.

விடுதலைப் பத்திரம் இல்லை. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் முதலாவது எம். விக்டோரியா, இரண்டாவது ஜே. பெர்சி. வயது, விலாசம், கல்லூரி எல்லாம் சரியாக இருக்கிறது. கம்பெனி கொடுக்கும் பங்கு இருவருக்கும் சரிபாதி என்று ஒரு தாள். அதில் நீ பின் குத்தி வைத்த சின்னச் சீட்டு: 'அக்கா, உனக்கும் ஒரு பெயர்ப் பலகை.' அம்மா என்னவென்று கேட்டாள். வாழ்த்து அட்டை என்றேன்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். உன் கேள்விக்கு நான் எழுதிய பதில் பொய். கல்லூரி மலரில் நாற்பத்து மூன்றாம் பக்கம், 'பாலைச் சோதிக்கும் தாள்' என்று என் பெயரில் கட்டுரை இருக்கிறது. விதைச் சாறு எவ்வளவு, பிசின் எவ்வளவு, எத்தனை நேரம் நிழலில் காய வேண்டும் என்று எல்லாம் எழுதிவிட்டேன். உன் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. வேண்டுமென்றுதான் விட்டேன். உன் பேட்டண்ட் கெடும் என்று எனக்குத் தெரியாது, அது சத்தியம். தெரிந்த பிறகு இல்லை என்று எழுதினேனே, அதற்கு என்ன சொல்வது? முந்நூறு பிரதிதான், யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்தேன்.

என்னைத் திட்டியாவது எழுது.

அக்கா


ஹைதராபாத்
14.2.2000

அக்காவுக்கு,

சுகம்.

அக்டோபர் ஏழாம் தேதி பார்சல் வந்தது. முறுக்கு டப்பா நொறுங்காமலிருக்க அம்மா அதைச் சுற்றி உங்கள் கல்லூரி மலரை வைத்துக் கட்டியிருந்தாள். நாற்பத்து மூன்றாம் பக்கம் மடித்திருந்தது. ஓரத்தில் பென்சிலால், 'அக்கா எழுதியிருக்கு, நீ படி' என்று எழுதியிருந்தாள்.

படித்தேன். கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆறு வருஷத்தில் நான் ஒரு தடவை கூட இவ்வளவு தெளிவாக எழுதவில்லை.

ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். நவம்பரில் கேள்வியாகக் கேட்டேன். உன் பதில் வந்த அன்று, வக்கீல் கேட்ட தாளில் 'உண்டு' என்று எழுதி மலரையும் வைத்துக் கொடுத்துவிட்டேன். உன்னை நம்புவதாக எழுதியிருந்தேன் அல்லவா, அது உண்மைதான். நீ உண்டு என்று எழுதியிருந்தால் அந்தத் தாளை நாம் இருவருமாகக் கொடுத்திருப்போம்.

கம்பெனி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அவர்கள் மேல் தப்பில்லை. ஊருக்கெல்லாம் பொதுவாகிப்போன ஒன்றுக்கு அவர்கள் ஏன் பல்கலைக்கழகத்துக்கும் நமக்கும் பங்கு கொடுக்க வேண்டும்? இனி யார் வேண்டுமானாலும் செய்யலாம், அவர்களும் செய்வார்கள். நான் மார்ச்சில் வெளியேறுகிறேன். புனேயில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது.

உன் பெயரை விட்டுவிட்டு ஜூலையிலேயே பதிவு செய்துவிடலாம் என்றுதான் வக்கீல் சொன்னார். பசைக்குப் பதிலாகப் பிசின் தடவியதெல்லாம் கண்டுபிடிப்பா மேடம் என்று கேட்டார். அவரோடு மூன்று வாரம் சண்டை போட்டு உன் பெயரை முதலில் எழுத வைத்தேன். உன் கையெழுத்துக்காக இரண்டு மாதம் காத்திருந்தேன்.

இந்தத் தாளைப் பற்றி உலகத்தில் அச்சான முதல் எழுத்து இனி அந்த மலர்தான். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்.

அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

பெர்சி


ஆனையூர்
24.6.2001

அன்பான தங்கை பெர்சிக்கு,

உன் விலாசத்தை அம்மாவுக்கு வருகிற கவரிலிருந்து எடுத்தேன். அம்மா நலம், கண்தான் மங்கிவிட்டது. நீ அவளுக்கு எழுதும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன், அதில் எனக்கென்று ஒரு வரி வருமா என்று பதினாறு மாதமாகப் பார்க்கிறேன். ஜெனிட்டா பிளஸ் டூ வந்துவிட்டாள். கெமிஸ்ட்ரி எடுத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான்.

போன வாரம் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு எழுமலைக்கு முகாம் போயிருந்தோம். அங்கே பால் சொசைட்டியில் சீனியம்மாள் என்று ஒருத்தி, ஒவ்வொரு கேனாகத் திறந்து ஒரு மஞ்சள் தாளை முக்கிக்கொண்டிருந்தாள். உன் பழைய கம்பெனியின் பாக்கெட். விரலால் தடவிப் பார்த்தேன், பிசின்தான். ஒரு கேனில் தாள் நீலமானது. அந்தப் பால்காரன் கேனைத் தூக்கி சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனான்.

"இம்புட்டுத் தாளுதான் மிஸ், எம்புட்டுப் பேர அடக்கி வச்சிருக்கு பாத்தீங்களா" என்றாள் சீனியம்மாள். "இத யாரு மிஸ் கண்டுபிடிச்சிருப்பா? ஏதும் வெள்ளக்காரனா?"

என் கைப்பையில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் ஜெராக்ஸ் இருந்தது. எப்போதும் இருக்கும். யாராவது கேட்டால் காட்டலாம் என்று வைத்திருந்தேன், ஒருவரும் கேட்டதில்லை. முதல் முறையாக ஒருத்தி கேட்கிறாள், பத்து மாணவிகள் பக்கத்தில் நிற்கிறார்கள்.

"என் தங்கச்சி" என்றேன். "பேரு பெர்சி."

பிசின் போட்டது நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். "ஒங்க கூடப் பெறந்ததா மிஸ்" என்று சீனியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது பெர்சி. இனி உன்னிடம் பொய் எழுத மாட்டேன், அதனால் இதையும் எழுதுகிறேன். எரிந்தாலும் உன் பெயரைச் சொன்னேன்.

அந்தக் கவரில் இருந்த தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி எந்த ஆபீசிலும் வாங்க மாட்டார்கள் என்று தெரியும். போட வேண்டியதைப் போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகை அட்டை சேர்த்துத்தான் அனுப்புகிறேன். நீ பதில் எழுத வேண்டாம், பிரிக்கக் கூட வேண்டாம். தபால்காரர் நீட்டும் அட்டையில் உன் கையெழுத்தைப் போட்டுக் கொடு. அது வந்தால் நீ வாங்கிக்கொண்டாய் என்று தெரிந்துகொள்வேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா